கருங்குரங்கு கிளையை உலுக்கிய கதை

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் மான்களுக்கும் ஒரு கருங்குரங்குக்கும் உடன்பாடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. மான்கள் கீழே மேயும். குரங்கு மேலே காவல் இருக்கும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், குரங்கு கிளையை உலுக்கித் தொண்டை கிழியக் கத்தும். அடுத்த நொடி மான்கள் அத்தனையும் ஆற்றுப் பக்கம் பாய்ந்துவிடும்.

பொட்டு மட்டும் பாயமாட்டான். செவலை என்ற மானின் ஒரே குட்டி அவன். குரங்கு கத்தியதும் காலை மடக்கி விழுவான். முகத்தைப் புல்லுக்குள் புதைத்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்.

செவலை முன்கோபக்காரி. தாயில்லாமல் வளர்ந்தவள். உப்பு மண்ணில் பங்குக்காகக் காட்டுப்பன்றியோடும், குட்டையில் இடத்துக்காக எருமையோடும் மல்லுக்கு நின்று பேரம் பேசியே பிழைத்தவள். அவள் குட்டியின் காதருகே போய்க் கத்துவாள்.

"எழுந்திருடா. காது அடைத்துவிட்டதா உனக்கு?"

அவள் கத்தக் கத்த அவன் இன்னும் சுருளுவான்.

ஒரு நாள் கூட்டத்தின் தலைவர் கிளைக்கொம்பர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா செவலை, மூன்றாம் நாள் நாம் அக்கரைக்கு இடம் மாறுகிறோம். உன் பிள்ளை படுத்தால் நீ நிற்கிறாய். நீ நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். சிறுத்தைக்கு அது போதும். அதற்குள் அவனைச் சரிப்படுத்து. இல்லையென்றால் நீங்கள் இருவரும் இக்கரையிலேயே இருந்துகொள்ளுங்கள்."

"பிடிவாதம் பிடிக்கிறான் தலைவரே. நான் என்ன செய்யட்டும்?"

"அதை என்னிடம் கேட்டால்?"

கூட்டம் இல்லாத தாயும் குட்டியும் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்கள். செவலைக்கு அது தெரியும். கண்ணில் பட்டவரிடமெல்லாம் வழி கேட்டாள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றது முயல். "வளர்ப்பு சரியில்லை" என்றது மயில். போகிற போக்கில், "பாறை இடுக்கில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம்" என்றும் சொல்லிவைத்தது.

பொட்டுவையும் கூட்டிக்கொண்டு செவலை அங்கே போனாள். வைத்தியர் ஒரு மலைப்பாம்பு.

"மூன்று நாள் என் சுருளுக்குள் விட்டு வை, தாயே. ஆட்டமெல்லாம் அடங்கிவிடும். இப்படி எத்தனை குட்டிகளை அடக்கியிருக்கிறேன் தெரியுமா?"

"மூன்று நாளா? ஒரு நாள்தான் தருவேன்."

"சரி."

"ஒரு நாளும் முடியாது. பொழுது சாய்வதற்குள் வேண்டும்."

"சரி தாயே. பிள்ளையை இப்படி அனுப்பு."

செவலையின் காது விறைத்தது. இத்தனை வருடப் பேரத்தில் எந்தப் பன்றியும், எந்த எருமையும் கேட்டவுடனே சரி சொன்னதில்லை. மூன்று நாள் வேலையை அரை நாளுக்கு இறக்கியும் இவன் முகம் சுளிக்கவில்லையே.

"குணமான குட்டி ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்றாள்.

"எல்லோரும் போய்விட்டார்கள்."

"எங்கே?"

மலைப்பாம்பின் சுருளில் ஒன்று மெல்ல அவிழ்ந்து பொட்டுவின் பக்கம் நகர்ந்தது. செவலை குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். காவல் மரத்தடிக்கு வந்த பிறகுதான் நின்றாள். பயம் அப்படியே கோபமாக மாறியது.

"எல்லாம் உன்னால்தான்" என்று மரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள். "அப்படி என்ன கத்தல் உனக்கு?"

"கத்துவதுதானே அக்கா என் வேலை" என்றது கருங்குரங்கு. "ஒன்று சொல்ல வேண்டுமென்று பல நாளாக நினைக்கிறேன். நீங்கள் வாயை மூடினால்தானே."

"சொல்லித் தொலை."

"நான் கிளையை உலுக்கும்போதே உங்கள் பிள்ளை தலையைத் தூக்கிவிடுகிறான். மற்ற எல்லோருக்கும் முன்னால். மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிகிறது. நான் கத்திய பிறகுதான் விழுகிறான். அந்தச் சத்தம் அவனுக்கு அடி விழுகிற மாதிரி. போதாததற்கு நீங்கள் வேறு காதுக்குள் போய்க் கத்துகிறீர்கள்."

செவலை குட்டியைப் பார்த்தாள். அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"வலிக்கிறதா அவனுக்கு?" என்று கேட்டாள், இந்த முறை மெதுவாக.

"பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது."

"சரி. முதலில் உலுக்கு. பத்து மூச்சு பொறுத்துக் கத்து."

"பத்து மூச்சில் சிறுத்தை உங்கள் எல்லோரையும் தின்று ஏப்பமே விட்டுவிடும். ஒரு மூச்சு."

"ஐந்து."

"இரண்டு. அதற்கு மேல் கேட்காதீர்கள், அக்கா. மற்றவர்களும் பிழைக்க வேண்டும்."

குரங்கு மல்லுக்கு நின்றது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டுக்கு ஒத்துக்கொண்டாள்.

மீதியிருந்த இரண்டு நாளும் பழக்கினார்கள். குரங்கு உலுக்கும். செவலை சத்தமில்லாமல் வாலைத் தூக்கி, ஒரே தடத்தில் ஆற்றை நோக்கி நடப்பாள். பொட்டு வர வேண்டும். முதல் நாள் வரவே இல்லை. மறுநாள் இரண்டு முறை வந்தான், மூன்றாம் முறை பாதியில் படுத்துவிட்டான். கிளைக்கொம்பர் தூரத்தில் நின்று பார்த்தார்.

மூன்றாம் நாள், கூட்டம் ஆற்றை நோக்கிப் புறப்பட்ட நேரத்தில், சிறுத்தை வந்தது.

கிளை அசைந்தது. பொட்டு தலையைத் தூக்கினான். செவலை வாலைத் தூக்கி நடந்தாள். ஒரு மூச்சு. குட்டியின் குளம்பு பின்னால் கேட்டது. இரண்டு மூச்சு. குரங்கு கத்தியது.

கூட்டம் இடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் பாய்ந்தது. பொட்டுவின் கால்கள் மடங்கத் தொடங்கின. இடப்பக்கம் புல்லைப் பிளந்துகொண்டு சிறுத்தை வந்துகொண்டிருந்தது. எழுந்திருடா என்ற சொல் செவலையின் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். ஓடவும் இல்லை. அவன் பக்கத்தில் வந்து, விலாவை அவன் முகத்தோடு ஒட்டி நின்றாள்.

பொட்டு மூக்கை அவள் விலாவில் அழுத்தினான். ஒரு முறை ஆடினான். இன்னொரு முறை ஆடினான். பிறகு பழகிய தடத்தில் ஓடினான். அவனை முன்னே விட்டு அவள் பின்னே ஓடினாள். தண்ணீரில் குதிக்கும்போது சிறுத்தையின் நகம் அவள் வாலில் ஒரு கொத்து மயிரைப் பறித்துக்கொண்டது.

அக்கரையில் கிளைக்கொம்பர் நின்றிருந்தார்.

"கடைசியாக வந்திருக்கிறீர்கள்" என்றார்.

"வந்துவிட்டோமா இல்லையா?" என்றாள் செவலை.

கிளைக்கொம்பர் நனைந்த குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த இளம் மான்களிடம், "சத்தம் போடாமல் நில்லுங்கள்" என்றார். பிறகு கூட்டத்தின் நடுவில் இருவருக்கும் இடம் விட்டு நகர்ந்தார்.

நீதி: அழைத்தும் வராத பிள்ளையை மாற்றக் கிளம்பும் முன், அழைக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள்.