அடுத்த பக்கத்தைக் கூப்பிடும் சொல்

என் பெரியவன் முதன்முதலாகக் கப்பல் வேலைக்குப் போன மாசி மாதத்தில், விளக்குப் பூஜைக்கு வருகிற கோமளம் அக்கா எனக்கு இதைச் சொன்னார். இதில் வரும் மாணவர் அவருடைய வீட்டுக்காரர்தான். அக்கா சொன்னபடியே சொல்கிறேன்.

கடலோரத்து ஊர் ஒன்றில் பொது நூலகம் இருந்தது. அதன் மாடியில் பழைய அச்சுப் புத்தகங்களுக்கென்று ஓர் அறை. அச்சு நம் நாட்டுக்கு வந்த புதிதில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் எபிரேய மொழிப் புத்தகங்கள். அந்த ஊரில் வியாபாரம் செய்துவந்த யூதக் குடும்பம் ஒன்று, ஊரைவிட்டே கப்பலேறியபோது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவை அவை.

அறைக்குப் பொறுப்பு லேயா டீச்சர். எபிரேயம் படித்தவர். அவரிடம் அந்த மொழியைக் கற்றுக்கொள்ள வந்தவர் தில்லைநாதன், சர்வே ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. மாணவருக்குப் பல்செட். கீழே பேப்பர் படிக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"என்ன சார், வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?"

"நான் முடிச்சாச்சு. டீச்சர்தான் இன்னும் திருத்தல."

கேள்வி கேட்பதில் மட்டும் அவருக்கு அலுப்பே கிடையாது.

ஒருநாள் டீச்சர் ஒரு ஜெபப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார். மிகப் பழைய அச்சு. வலது கைப் பக்கமிருந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர் கேட்டார்.

"டீச்சர், ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஓரமா ஒரு சொல் தனியா நிக்குதே, எதுக்கு?"

"அடுத்த பக்கத்துல முதல் சொல்லைப் பாருங்க."

பார்த்தார். அடியில் நின்ற அதே சொல்தான் அங்கே முதல் சொல்லாக இருந்தது.

"இதெல்லாம் பக்க எண் இல்லாம அச்சடிச்சது. தைக்கிறவர் ஏட்டை மாத்தி அடுக்கிடக் கூடாதில்லையா? அதுக்காக ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடும்."

"அட, நம்ம அந்தாதி மாதிரி!"

டீச்சர் சிரித்தார். "அப்படியும் வச்சுக்கலாம்."

அன்று முழுக்க அவருக்கு அதே வேலை. அடியில் நிற்கும் சொல்லைப் பார்ப்பார், திருப்புவார். கூப்பிட்டது வந்திருக்கும். குழந்தை மாதிரி தலையாட்டிக்கொள்வார். சாயங்காலம் ஓரிடத்தில் கை நின்றது.

"டீச்சர், இங்க கூப்பிட்டது வேற, வந்தது வேற."

டீச்சர் குனிந்து பார்த்தார். தையல் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் காகிதம் மிச்சம் நின்றது. ஓர் ஏட்டை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"எவனோ திருட்டுப் பய."

"இருக்கலாம்."

"ஜெபப் புத்தகம் கை தவறி விழுந்தாலே யூதங்க எடுத்து முத்தம் கொடுப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாம கண்ணுல ஒத்திக்கிற மாதிரி. அந்த வீட்டு ஆளு யாரும் கத்திரிக்கோல் வச்சிருக்க மாட்டாங்க."

"வெட்டின ஓரத்தைப் பாருங்க சார். கோணலா போகுது. வெட்டின கை நடுங்கியிருக்கு."

"அப்ப யாரு?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்லிட்டு எப்படி டீச்சர் டீ குடிக்கிறீங்க? ஒரு புத்தகம் குறையா கிடக்குது!"

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார்.

தில்லைநாதனால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் குடும்பம் குடியிருந்த தெருவில் போய் விசாரித்தார். அவர்கள் வீட்டில் வேலைக்கு நின்றவள் மீனவர் தெருவில் இருக்கிறாள், பெயர் மரிய புஷ்பம் என்றார்கள். நேரே அங்கே போனார்.

வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த ஏடு. கீழே ஒரு மெழுகுவத்தி எரிந்தது. ஏடு தலைகீழாகத் தொங்கியது.

"யம்மா, இது உங்களுக்கு ஏது?"

"எங்க ராஹேலம்மா குடுத்தது. அப்ப எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போச்சு, காத்து மாறிப்போச்சு, ஆளைக் காணும். நான் அழுதுட்டே ஏனம் தேய்க்கேன். மறுநாளு அவுக கப்பல் ஏறணும். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஒரு புத்தகத்தை எடுத்தாவ. முத்தம் வச்சாவ. கத்திரியால இத வெட்டினாவ. வச்சுக்கோ புஷ்பம்னாவ. வேற ஒண்ணும் சொல்லல, அழுதாவ."

"உங்க வீட்டுக்காரர்?"

"வந்தாரே! வந்து, பிள்ளை பெத்து, என்கூடச் சண்டை போட்டு, கட்டில்ல கெடந்துதான் செத்தாரு." புஷ்பம் சிரித்தாள். "இப்ப மூத்தவன் கடலுக்குப் போயிருக்கான். அவன் போனா இங்க மெழுகுவத்தி ஏத்திருவேன்."

"தலைகீழா மாட்டியிருக்கீங்களே?"

"என்ன சொல்லுதீய? தலைப்புல ஒத்தைச் சொல்லு தனியா நிக்குது பாருங்க. நாங்க சிலுவை போட்டுட்டுத்தான கடுதாசி எழுதுவோம், அது மாதிரி."

அடியில் நின்று அடுத்த பக்கத்தைக் கூப்பிடும் சொல் அது. தில்லைநாதன் அதைப் பொறுமையாக விளக்கினார். நூலகத்தைப் பற்றிச் சொன்னார். இந்த ஏடு இல்லாமல் புத்தகம் குறையாகக் கிடப்பதைச் சொன்னார்.

புஷ்பம் மெழுகுவத்தியைப் பார்த்தாள்.

"ராஹேலம்மா புத்தகமா? அப்ப அதுகூடத்தான் சேரணும்." சட்டத்தில் கை வைத்தாள். "எம் மவன் கரைக்கு வார வரைக்கும் இருக்கட்டுமா ஐயா?"

"பழைய காகிதம்மா. புகையில பொடிஞ்சு போயிடும்."

படித்தவர், வயசானவர் கேட்கிறார். கழற்றிக் கொடுத்தாள். மெழுகுவத்தியை அவள் அணைக்கவில்லை. அது வெறும் ஆணிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. தில்லைநாதன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் வந்துவிட்டார்.

மாடிப்படியை மூச்சு வாங்க ஏறினார். சட்டத்தைப் பிரித்து, ஏட்டைப் புத்தகத்துக்குள் வைத்தார். வெட்டின கோணல் கோணலோடு பொருந்தியது. முன் பக்கத்தின் அடியில் நின்ற சொல், ஏட்டின் முதல் சொல்.

"டீச்சர்! கூப்பிட்டது வந்துடுச்சு!"

டீச்சரின் முகமும் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். தில்லைநாதன் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். ராஹேலம்மா வெட்டியதை, புஷ்பத்தின் சிலுவைக் கணக்கை, கழற்றி வாங்கிய சாமர்த்தியத்தை.

"படிங்க சார், பார்ப்போம்."

அவர் எழுத்து எழுத்தாகக் கூட்டினார். தடுக்கின இடத்தில் டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.

"என்ன ஜெபம் இது?"

"வழிப்பயணம்... பயணம் போறவங்களுக்காக. ஆபத்து இல்லாம போய்ச் சேரணும், சமாதானமா வீடு திரும்பணும்னு..."

தில்லைநாதனின் குரல் தேய்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"அந்த அம்மா வீட்டுல இப்ப யாரு சார் பயணத்துல இருக்காங்க?"

ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்தது. டீச்சர் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"மூத்த மகன்" என்றார் தில்லைநாதன்.

டீச்சர் ஏட்டை எடுத்தார். இருந்தபடியே சட்டத்துக்குள் வைத்து மூடி, அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப இந்தப் புத்தகம்?"

முன் பக்கத்தின் அடியில் தனியாக நின்ற சொல்லை டீச்சர் விரலால் தொட்டார்.

"கூப்பிடட்டும்."

தில்லைநாதன் படிவரைக்கும் போனார். அங்கே நின்று, சட்டத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு. மாட்டும்போது நேரா மாட்டிட்டு வந்துடட்டுமா? பாவம், இத்தனை வருஷமா அந்த அம்மா தலைகீழா வச்சு..."

"ஏன் சார், மேலேயிருந்து குனிஞ்சு படிக்கிறவருக்கு அது நேராத்தானே இருக்கும்?"

 தில்லைநாதன் கேள்வி கேட்காமல் படி இறங்கியது அன்றைக்குத்தான் என்பார் கோமளம் அக்கா.

சரி, நேரமாகிவிட்டது. போகும்போது வாசல் கதவைத் தாழ் போட வேண்டாம்; பெரியவன் இப்போதும் கப்பலில்தான் இருக்கிறான். சும்மா சாத்தி மட்டும் வையுங்கள்.