கொன்றையடிக்குப் போன லொறி

"நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒரே பிழையை விட்டிருக்கு, பிள்ளை" என்றார் ஏகாம்பரம்.

தவமலர் வெட்டிக்கொண்டிருந்த பூசணிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன பிழை, ஐயா?"

"நிவாரணப் படிவத்தில, நிரந்தர முகவரி எண்ட இடத்தில எல்லாரும் கொன்றையடி எண்டு எழுதியிருக்கினம்."

"அதில என்ன பிழை?"

"கொன்றையடியில இப்ப ஆர் இருக்கினம்? ஒரு காகம்கூட இல்லை!"

ஏகாம்பரம் முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பிழையான முகவரியைக் கண்டால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் கோணிவிடும். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அகதி முகாமுக்குச் சேவை செய்ய வந்தவரை, நிவாரணச் சபை தவமலரிடம் அனுப்பி, "அவவிட்ட வேலை படியுங்கோ" என்றது.

தவமலருக்கு முப்பத்து நாலு வயது. ஏகாம்பரத்தின் மகளைவிட இளையவள். ஒன்பது தடவை இடம்பெயர்ந்து, ஒன்பது இடத்திலும் பொதுச் சமையலை நடத்தியவள். அந்தப் படிப்புக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

"எனக்கும் ஒரு படிவம் நிரப்பிவிடுங்கோ ஐயா. என்ர கை ஈரம்."

அவர் பேனாவைத் திறந்தார். "நிரந்தர முகவரி?"

"கொன்றையடி. வைரவர் கோயில் ஒழுங்கை. கிணத்துக்குப் பக்கத்தில பிலாமரம் நிக்கிற வீடு."

எழுதி முடித்துவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது.

"பிள்ளை, அது பழைய இடமெல்லோ!"

"பழைய இடம் எண்டு படிவத்தில ஒரு கட்டம் இருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. நிவாரண லொறி படிவத்தில் உள்ள முகவரிக்குத்தான் போகும். தலைநகரத்துச் சட்டம் அப்படி. கொன்றையடியோ ஆறு வருடமாகக் கம்பிவேலிக்கு அப்பால் கிடக்கிறது. கண்ணிவெடியெல்லாம் எடுத்து முடித்தே ஒரு வருடமாகிறது. ஆனாலும் பாதைத் தடுப்பைத் திறக்கவில்லை. அங்கே காவல் நிற்பவர்களைக் கேட்டால், உத்தரவு வரவேண்டும் என்பார்கள்.

"அரிசி அங்க போய் நிக்கும். சனம் இஞ்ச பட்டினி கிடக்கும். முகாம் எண்டு மாத்தி எழுதச் சொல்லு."

"முகாம்தான் எங்கட நிரந்தர இடம் எண்டு எழுதிக் குடுத்தால் கொன்றையடி ஆருக்கு?"

அது அவருக்கும் தெரியும். போன மாத அறிவித்தலை அவரே வாசித்துக் காட்டியிருந்தார். முகாமை நிரந்தர முகவரியாகக் கொடுப்பவர்களுக்கு முகாமிலேயே ஒரு துண்டுக் காணி. பழைய காணியில் அதன் பிறகு உரிமை இல்லை.

"எங்களுக்கு அரிசியும் வேணும், காணியும் வேணும்" என்றாள் தவமலர்.

"ரெண்டும் எப்பிடிப் பிள்ளை கிடைக்கும்?"

அவள் அடுத்த பூசணிக்காயை எடுத்தாள்.

பட்டால்தான் இதுகளுக்குப் புத்தி வரும் என்று கறுவிக்கொண்டு, ஏகாம்பரம் ஓர் எழுத்தும் திருத்தாமல் படிவங்களைக் கட்டி அனுப்பினார்.

லொறி வெள்ளிக்கிழமை காலை வந்தது. முகாம் வாசலில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. நேரே தெற்கே போய், கொன்றையடித் தடுப்பில் நின்றது.

முகாமில் முந்தினநாளிலிருந்து வெறும் கஞ்சிதான். ஏகாம்பரம் சமையற் கொட்டிலுக்கு ஓடினார்.

"சொன்னனானெல்லோ! இப்ப என்ன செய்யப் போறாய்?"

கொட்டிலில் அடுப்பு அணைந்திருந்தது. தவமலர் சோறு காய்ச்சும் பெரிய கிடாரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் தெருவில் இறங்கிவிட்டது.

"எங்க போறியள்?"

"சாமான் எடுக்க."

"சாமான் எடுக்க மண்வெட்டி என்னத்துக்கு? பாய் என்னத்துக்கு?"

அவள் நடந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் நடந்தார்.

தடுப்பில் நின்ற அதிகாரிக்கு வியர்த்திருந்தது. லொறிக்காரனின் அனுமதிப் பத்திரத்தில் தலைநகரத்து முத்திரை இருந்தது. பொருட்களைக் கொன்றையடியில், குடும்பத்தாரின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. லொறியைத் திருப்பினால் அவருக்குக் குற்றம். சனத்தை உள்ளே விட்டாலும் குற்றம்.

ஆனால் ஆள் கெட்டிக்காரன். கூட்டத்தில் கண்ணாடியும் பேனாவும் உள்ள மனிதரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"படிவங்களை அனுப்பியது நீங்களா?"

"ஓம்."

"முகவரி பிழை என்று ஒரு வரி எழுதி, முகாம் என்று திருத்திக் கையெழுத்து வையுங்கள். லொறியை இப்போதே திருப்பி அனுப்புகிறேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடலாம்."

லொறியோடு வந்த படிவக் கட்டை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். படிவங்களை அனுப்புமுன் அவர் கேட்டுக் கத்தியதும் இந்தத் திருத்தத்தைத்தான்.

சனம் அவரைப் பார்த்தது. ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார். இத்தனை வயிறும் இப்போது தன்னுடைய பேனாவில் தொங்குகிறது என்பது அவருக்குப் பயமாக இருந்தது.

தவமலர் கிடாரத்தை இறக்கி வைத்துவிட்டு, நடுத்தெருவில் குந்தியிருந்து காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லுச் சொல்லு, பிள்ளை!"

"நான் என்னத்தைச் சொல்ல? தபால் கந்தோரில இருந்த ஆள் நீங்கள். பிழை எண்டால் திருத்துங்கோ."

ஏகாம்பரம் மேலே இருந்த படிவத்தைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். வைரவர் கோயில் ஒழுங்கை. கிணத்துக்குப் பக்கத்தில பிலாமரம் நிக்கிற வீடு.

தடுப்புக்கு அப்பால் பார்த்தார். பற்றைக்கு மேலாக ஒரு கோயில் கூரை தெரிந்தது. அதற்குப் பின்னால், ஆரும் தண்ணீர் ஊற்றாமலே ஆறு வருடம் நின்ற ஒரு பிலாமரம்.

அடுத்த படிவத்தை வாசித்தார். அதற்கடுத்ததையும் வாசித்தார். எல்லாவற்றிலும் ஒழுங்கை இருந்தது, அடையாளம் இருந்தது. எந்தத் தபால்காரனும் தடுமாறாமல் போய்ச் சேருவான்.

அதிகாரி பொறுமையிழந்தார். "எழுதுங்கள் ஐயா. முகவரி பிழைதானே?"

ஏகாம்பரம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"முகவரி சரி" என்றார். "சனம்தான் பிழையான இடத்தில இருக்கு. தடுப்பைத் தூக்குங்கோ."