ஆவுடைநாயகியின் முழங்கை

பொதிகைச் சாரல் எட்டும் தொலைவில், பெண் துறவியர் மட்டுமே தங்கித் தொண்டு செய்யும் சைவ மடம் ஒன்று இருந்தது.

அம்மடத்தில் தீட்சை பெறுவது எளிதன்று. பூப்பறித்தும் சந்நிதி மெழுகியும் பதிகம் ஓதியும் பல்லாண்டு கழிய வேண்டும். அதன்பின் ஒரு மார்கழித் திருவாதிரை நாளில், குருவம்மை தம் கையாலேயே மாணாக்கியின் உடம்பில் பதினாறு இடங்களில் திருநீறு சாத்துவார். நெற்றி, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வோர் இடமாக, மடத்தார் அனைவரும் பார்த்திருக்கச் சாத்துவார். தோளும் கையும் திறந்து நிற்க வேண்டும். அதுவே வழக்கம்.

அந்த ஆண்டு அழைக்கப்பட்டவள் ஆவுடைநாயகி. ஐம்பதை நெருங்கிய கைம்பெண். திரும்பிப் போக வீடென்று எதுவும் இல்லாதவள். குருவாகிய ஞானவடிவு அம்மையோ அவளைவிட வயதில் இளையவர். பீடத்தில் அமர்ந்த பின்னும் அவர் இவளை அக்கா என்றே அழைத்தார். இவள் அவரைத் தாயே என்பாள்.

அழைப்பைக் கேட்டபோது மற்றவர்கள் ஆவுடைநாயகியின் காலில் விழுந்து மகிழ்ந்தார்கள். அவளோ இரவிக்கையின் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காரணம், முழங்கை மறைய அவள் அணிந்திருந்த நீண்ட இரவிக்கைக்குள் இருந்தது.

மாதவிலக்கு முறை தப்பத் தொடங்கிய ஆண்டில் அது வந்தது. முதலில் வலது முழங்கையில் ஒரு செந்தடிப்பு. அதன்மேல் மீன்செதிலைப் போல வெள்ளைப் பொருக்கு. பின்பு இடது முழங்கை, முழங்கால், காதின் பின்புறம். பனிக்காலத்தில் பரவும்; வெயில் ஏறினால் சற்று அடங்கும்; மனம் அஞ்சினால் காலம் பாராமல் எழும். விடியுமுன் எழுந்து, பாயில் உதிர்ந்து கிடந்ததை யாரும் காணாமல் கூட்டி அள்ளுவதே அவளுடைய முதல் தொண்டாயிற்று.

மறைக்க அவள் கண்ட வழி ஒன்றே. திருநீற்றைக் குழைத்து அந்த இடங்களில் கனமாகப் பூசினாள். சிவனடியாரின் உடம்பில் வெண்மை இருந்தால் யார் ஐயுறுவார்கள்? நீறு உலர்ந்ததும் தோல் வெடித்தது. வெடித்த இடத்தில் மேலும் பூசினாள். இறைவன் திருமுன் செல்லும் உடம்பு தூய்மையாக இருக்க வேண்டுமென்று மூன்று வேளையும் குளத்தில் மூழ்கி, தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்தாள்.

மடைப்பள்ளியைப் பார்த்துவந்த உலகம்மாளின் வாய்க்கு மடத்தில் அஞ்சாதவர் இல்லை. ஒருநாள் எல்லோரும் உண்ணும்போது அவள் கேட்டாள்:

"ஏக்கா, மூணு வேளையும் குளத்துல முங்குதீயளே, மீனு குஞ்சு பொரிக்கவாவது எடம் விடுதீயளா? நீறு பூசுத வேகத்தப் பாத்தா, சாமியே ஒரு நாளு உங்ககிட்ட வந்துதான் கடன் கேக்கணும்."

பந்தி முழுவதும் சிரித்தது. ஆவுடைநாயகியும் சிரித்தாள். அன்று மாலையே இடது தோளில் புதிதாக ஒன்று சிவந்தது.

அவள் அச்சத்துக்கு ஒரு முகம் இருந்தது; அவளுடைய அத்தையின் முகம். அத்தைக்கும் இதே நோய். மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் தனித் தட்டு, தனிப் பாய். சோறு இடுகிறவர்கள் எட்டி நின்றே தட்டில் போடுவார்கள். அத்தை இறந்த அன்று குளிப்பாட்ட ஒருவரும் முன்வரவில்லை. சிறுமியாக இருந்த ஆவுடைநாயகி அதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

ஒருமுறை, கற்பூரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நகரத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மாளிடம் சென்றாள். இது ஒட்டுகிற நோயன்று என்றார் அந்த மருத்துவர். சில குடும்பங்களில் வழிவழியாக வரும். முற்றிலும் போய்விடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடக்கி வைக்கலாம். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உடம்பின் ஹார்மோன்கள் மாறுவதால் சிலருக்கு மிகும். பனியும் வறட்சியும் மிகுவிக்கும். கவலையும் மிகுவிக்கும், நோய் மிகுந்தால் கவலை மிகும். இவ்வளவும் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது பூசுகிறீர்களா என்று கேட்டார். ஆவுடைநாயகி இல்லை என்றாள்.

களிம்பு ஒன்று கொடுத்தார். பிசுபிசுப்போடு சந்நிதிக்குப் போகலாகாது என்று அவள் அதை ஒவ்வொரு பூசைக்கு முன்னும் தேய்த்துக் கழுவினாள். சில நாளில் பூசுவதையே விட்டாள்.

திருவாதிரை நெருங்கியது. உறக்கம் போயிற்று. உணவு இறங்கவில்லை. குருவின் விரல் தன் முழங்கையில் படுவதையும், பட்ட இடத்திலிருந்து செதில் உதிர்வதையும், சுற்றி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்குவதையும் அவள் விழித்திருக்கும்போதே கண்டாள். திருவாதிரைக்கு முதல்நாள் காலை, மாற்றுப்புடவை இரண்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, விடைபெறுவதற்குக் குருவைத் தேடிப் போனாள்.

உலகம்மாள் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். மடைப்பள்ளியில் ஞானவடிவு அம்மை நிவேதனத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெரிய வெண்கலப் பானை. அடுப்பில் மூன்று விறகுகள் எரிந்தன.

ஆவுடைநாயகி அடுப்பருகே அமர்ந்தாள். தங்கை மகளுக்குப் பேறுகாலம் என்றும், உடனே போக வேண்டும் என்றும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றும் சாக்குச் சொன்னாள்.

"அடுத்த ஆண்டும் திருவாதிரை மார்கழிப் பனியில்தான் வரும், அக்கா" என்றார் குரு.

ஆவுடைநாயகி தலை குனிந்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலத் தொடங்கினாள். ஒரு பெண்ணுக்கு மேனியெங்கும் படை. அவளுடைய அத்தைக்கும் இருந்தது. மருத்துவர் ஒன்று சொல்கிறார், ஊரார் ஒன்று சொல்கிறார்கள், அவள் மனமோ வேறொன்று சொல்கிறது. சொல்லச் சொல்லப் பேச்சின் வேகம் கூடியது.

"எந்தப் பாவம், தாயே? எந்தப் பிறவியில் செய்தது? அது தெரிந்தாலாவது அவள் அழுது தீர்ப்பாள்."

குரு பானையைச் சுட்டிக் காட்டினார்.

"பால் பொங்கி வருகிறது, அக்கா. எந்த விறகு பொங்க வைக்கிறது?"

ஆவுடைநாயகி அடுப்பைப் பார்த்தாள். ஒன்று புளியங்கட்டை, அடுப்புக் கல்லின் இடுக்கில் இறுகியிருந்தது. இன்னொன்று சாளரத்தின் பக்கம். பனிக்காற்று அதன்மேல் நேரே வீசியது. மூன்றாவது சிறிய விறகு.

"எதுவென்று எப்படிச் சொல்வது? மூன்றும் சேர்ந்துதானே எரிகின்றன."

"ஆம்."

"இழுத்துவிடவா?"

"புளியங்கட்டை அசையாது. அது தானே எரிந்து தணிய வேண்டும்." குரு எழுந்து சாளரத்தைச் சாத்தினார். திரும்பி வந்து அமர்ந்தார். பால் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பானையைப் பார்க்கவில்லை. ஆவுடைநாயகியின் வலக்கையைப் பார்த்தார்.

ஆவுடைநாயகியும் பார்த்தாள். மூன்றாவது விறகின் முனை அவள் கையில் இருந்தது. பேசத் தொடங்கியது முதல் அவளே அதைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் கை நின்றது. விறகை மெல்ல வெளியே இழுத்தாள். பால், பானையின் விளிம்பைத் தொட்டு, அங்கேயே சற்றுத் தயங்கி, கீழே இறங்கியது.

 பிறகு ஆவுடைநாயகி இரவிக்கையின் கையை மேலே சுருட்டி, முழங்கையை நீட்டினாள். நீறு வெடித்து, வெடிப்பில் குருதி கசிந்திருந்தது.

குரு முகம் சுளிக்கவில்லை, இரங்கவும் இல்லை. குனிந்து பார்த்தார்.

"வலிக்கிறதா?"

இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேளாத கேள்வி அது. அத்தையிடமும் ஒருவரும் கேட்டதில்லை. ஆவுடைநாயகி தலையசைத்தாள்.

இனிக் குளத்தில் மூழ்க வேண்டாம் என்றார் குரு. ஒரு வேளை வெந்நீர் போதும்; நார் வேண்டாம்; புண்மேல் நீறும் வேண்டாம்; மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும், துணைக்கு உலகம்மாள் வருவாள் என்றார்.

"உலகம்மாளா?" ஆவுடைநாயகி திடுக்கிட்டாள்.

"அவள் வாய்க்கு அஞ்சி அந்த நோயே ஓடினாலும் ஓடும்."

ஆவுடைநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"களிம்பு பூசிய மேனியோடு சந்நிதியில் நிற்கலாமா, தாயே?"

"எண்ணெய்க் காப்புச் சாத்திக்கொள்கிறவர் முன்னால்தானே நிற்கப் போகிறீர்கள்?"

மறுநாள் திருவாதிரை. ஒரே நாளில் எதுவும் ஆறிவிடவில்லை. பூசைமண்டபத்தில் மடத்தார் எல்லோரும் கூடியிருந்தார்கள். தோளும் கையும் திறந்து ஆவுடைநாயகி நடுவில் நின்றாள். களிம்பு பட்டு மின்னிய முழங்கைகளைக் காலை வெளிச்சம் ஒளிவின்றிக் காட்டியது. யாரோ மூச்சை உள்ளிழுக்கும் ஒலி கேட்டது. உலகம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினாள்.

குரு நெற்றியில் நீறு சாத்தினார். மார்பில் சாத்தினார். தோளில், சிவந்த இடத்தின் ஓரத்தில், சிறு துளியாகச் சாத்தினார். பின்பு முழங்கைக்காகக் காத்து நின்றார்.

ஆவுடைநாயகியின் கை உடம்போடு ஒட்டிக்கொண்டது.  பின்னால் இருந்த கண்கள் எல்லாம் அவள் முதுகில் ஊன்றியிருந்தன. அவள் குருவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"தாயே, நோயும் போகவில்லை. பயமும் போகவில்லையே."

ஞானவடிவு அம்மை நீறு குழைத்த விரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"அவை போன பிறகு வாருங்கள் என்று நான் எப்போது சொன்னேன், அக்கா? கையை நீட்டுங்கள்."