மரைக்காயர் கேட்ட ஆண் சாட்சி

காயல் துறைமுகத்தில் ஸல்ஹா என்ற மருத்துவச்சி பேறு பார்க்காத வீடு குறைவு. அந்த ஸல்ஹாவையே ஒரு நாள் வழக்குத் தீர்க்கும் காழியின் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கடலில் மாண்ட வணிகர் ஒருவரின் மனைவி ருகையாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வீடும் மரக்கலமும் இனி தனக்கே என்றிருந்த வணிகரின் தம்பி லுக்மான் மரைக்காயருக்கு அது பொறுக்கவில்லை.

"அது அண்ணன் பிள்ளையே இல்லை, காழியாரே. எங்கிருந்தோ கூடையில் கொண்டுவந்த பிள்ளை," என்றார்.

"ருகையா பெற்ற பிள்ளைதான். என்னோடு இன்னும் மூன்று பெண்கள் பார்த்தார்கள்," என்றாள் ஸல்ஹா.

"நாலும் பெண்கள். பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கண்ணால் கண்ட ஓர் ஆணைக் கூட்டி வரச் சொல்லுங்கள்."

காழியின் முகத்திலும் சந்தேகம் படர்ந்தது. ஸல்ஹா மரைக்காயரை ஏற இறங்கப் பார்த்தாள். பேற்றறைக்குள் எந்த ஆண் வருவான்?

"காழியாரே, இவர் எந்த உரிமையில் சொத்துக் கேட்கிறார்?" என்றாள்.

"இறந்தவரின் உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில்."

"அதை யார் பார்த்தது? இவர் பிறந்தபோது பேறு பார்த்தவள் என்னைப் பெற்ற உம்மா. அன்றைக்கும் அறையில் பெண்கள்தான் இருந்தார்கள். தான் பிறந்ததைக் கண்ட ஓர் ஆணை இவர் முதலில் கூட்டி வரட்டும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. காழி மரைக்காயர் பக்கம் திரும்பினார். "மருத்துவச்சியின் வார்த்தை செல்லுமா, செல்லாதா? நீங்களே சொல்லுங்கள்."

மரைக்காயர் தாடியைத் தடவினார். "செல்லும்," என்று முணுமுணுத்தார்.

"எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை," என்றார் காழி.

மரைக்காயர் மறுபடி உரக்கச் சொன்னார். வீடும் மரக்கலமும் ருகையாவுக்கும் அவள் பிள்ளைக்கும் என்று அன்றே தீர்ப்பானது.