பின்னோக்கிப் போகும் கணவாய்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. பாம்பன் பக்கத்தில் கணவாய் மீன் தரம் பிரிக்கும் ஒரு பெண் வேலைக்கு நடுவே சொன்னதாம். அவர் மகள் ஜெசிந்தா என்னோடு படித்தவள். அவள்தான் எனக்குச் சொன்னாள். எங்கள் வீட்டில் கடல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் பிழை இருந்தால் அது என்னுடையது.

அந்தக் காலத்தில் கடலில் இருப்பவையும் கரையில் இருப்பவையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மற்ற மீன்களைப் போலவே கணவாயும் முன்பக்கமாகத்தான் நீந்தினாள். அவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் எங்கே முட்டையிட்டாலும் மீன்கள் வந்து தின்றுவிடும். ஒரு முறைகூட அவள் தன் குஞ்சைப் பார்த்ததில்லை.

கரையில் ஒரு கொழிஞ்சிச் செடி இருந்தது. ஆடுகூட வாய் வைக்காத கசப்பு அதற்கு. தன்மேல் முட்டையிட்டால் எந்த மீனும் நெருங்காது என்று அது சொன்னது. ஆனால் செடியால் கடலுக்குள் நடந்து போக முடியாது, கணவாயால் கரையேற முடியாது. அதனால் வள்ளம் என்ற சிறு படகு வைத்திருந்த மீனவன் சேந்தனிடம் அவள் உதவி கேட்டாள்.

கடலில் செடி நட்டால் ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று சேந்தன் கேலி செய்தான். ஆனாலும் கொழிஞ்சியைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி, கல்லைச் சேர்த்துக் கடலில் இறக்கினான்.

"ஒரு சொல் கொடுங்க அண்ணே. குஞ்சு பொரிக்கிறவரை எங்களை ஒன்னும் செய்யக்கூடாது" என்றாள் கணவாய்.

"இங்கே வலை போட மாட்டேன், தங்கச்சி" என்றான் சேந்தன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கணவாய் முட்டையிடத் தொடங்கிய நாட்களில் காற்று திரும்பியது. சேந்தன் எங்கே வலை போட்டாலும் வெறும் வலையே வந்தது. அவன் மனைவி நாச்சி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் உணவில்லை, அவளுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழுது அழுது, பிறகு அழக்கூட முடியாமல் கிடந்தது.

கொழிஞ்சியில் கணவாய் இருப்பதையும் தான் கொடுத்த சொல்லையும் சேந்தன் நாச்சியிடம் சொன்னான். அவள் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்: "வலை போட மாட்டேன்னுதானே சொன்னீங்க. தூண்டில் பேச்சே வரலையே."

மறுநாள் காலை சேந்தன் கொழிஞ்சிக்கு மேலே தூண்டிலை இறக்கினான். பளபளத்து இறங்கியதை இறால் என்று நினைத்துக் கணவாய் அத்தனை கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

நீர்மட்டத்துக்கு வந்ததும் அவனை அடையாளம் கண்டாள்.

"சொல் கொடுத்தீங்களே அண்ணே."

"வலைன்னுதான் சொன்னேன்" என்றான் சேந்தன். சொல்லும்போதே அவனுக்கு வாய் கசந்தது. "வீட்டில் பச்சைப் பிள்ளை. தாய்க்குப் பால் இல்லை."

"அப்போ என்னைக் கொண்டுபோங்க. செடியை மட்டும் தூக்காதீங்க" என்றாள் கணவாய். பிறகு உடம்பில் இருந்த மை முழுவதையும் கீழே கொழிஞ்சியைச் சுற்றிக் கொட்டினாள். முட்டைகள் யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்று.

நாச்சி கணவாயைச் சமைத்து உண்டாள். பால் சுரந்தது. குழந்தை பிழைத்தது.

சேந்தன் செடியைத் தொடவில்லை. தினமும் வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். குஞ்சுகள் பொரித்த நாளில் அவை மேலே வந்து, தங்கள் அம்மா எங்கே என்று அவனைக் கேட்டன. அவனால் வாய் திறக்க முடியவில்லை. குஞ்சுகள் காத்திருந்தன. கடைசியில் சேந்தன் துடுப்பை எடுத்தான். அதைக் கண்டு பயந்து துளித்துளியாக மை கக்கிவிட்டு விலகின. ஆனால் இனியாவது பதில் சொல்வானோ என்று, அவன் முகத்தைப் பார்த்தபடியே விலகின.

அன்று முதல்தான் கணவாய் மனிதனைக் கண்டால் மை கக்கிவிட்டுப் பின்னோக்கிப் போகிறது.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். பெரும்பாலான கணவாய்கள் முட்டையிட்ட கொஞ்ச காலத்திலேயே இறந்துவிடுகின்றன. தூண்டிலில் சிக்காமல் இருந்தாலும் அவை தங்கள் குஞ்சுகளைப் பார்ப்பதில்லை.