பனித்துளி காயாத வீடு

வேலங்காட்டின் நடுவே ஒரு குளம். அதைச் சுற்றி வாழ்ந்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு மன்றம் இருந்தது. கடமான்தான் அதற்குத் தலைவர். பெரிய கொம்பு, பெரிய மனசு. ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று நினைத்துவிடும்.

கோடை வந்தால் குளத்தோரப் புல் கருகிப் போகும். தாய்கள் தொலைவாக மேயப் போக வேண்டும். குட்டிகளை அவ்வளவு தூரம் கூட்டிப் போக முடியாது. புதருக்கடியில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். போன கோடையில் அப்படி விட்டுப் போன ஒரு காடைக் குஞ்சும் ஓர் அணில் குட்டியும் வெயிலில் சுருண்டு, அம்மா திரும்பி வரும்வரை தாங்கவில்லை.

அன்றிலிருந்து முயலுக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்கு ஒரே குட்டி. பெயர் பஞ்சு. அது தூங்கும்போதெல்லாம் முயல் அதன் மூக்கருகே காதை வைத்து, மூச்சு வருகிறதா என்று கேட்கும். வந்தால், இன்னொரு தடவை கேட்கும்.

தை மாதக் கடைசியில் மன்றம் கூடியது.

"குட்டிகளுக்கு ஒரு பொது வீடு கட்டணும். இந்தக் கோடையில் ஒரு குட்டியும் போகக் கூடாது," என்றது கடமான்.

"தலைவரே, அதை என்கிட்ட விடுங்க," என்று கிளையிலிருந்து இறங்கியது காகம். "தினமும் ஊருக்குள்ள போய் வர்றவன் நான். அங்கே புதுசா ஒரு பெரிய வீடு எழும்பியிருக்கு. முகம் முழுக்கக் கண்ணாடி. ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. வெயில் பட்டா தகதகன்னு மின்னும். அதே மாதிரி கட்டிடுவோம்."

மயில் கழுத்தை நீட்டியது. "கண்ணாடியில முகம் தெரியுமா?"

"தோகையே தெரியும்."

"அப்போ எனக்குச் சம்மதம்."

முயல் பின்வரிசையிலிருந்து மெல்லக் கேட்டது. "பாம்பு வருமா?"

"ஓட்டை இருந்தாத்தானே பாம்பு வரும், முயலம்மா? நான் ஓட்டையே வைக்க மாட்டேன்."

"அப்படின்னா ஒண்ணுகூட வைக்காதீங்க, காக்கையண்ணே. காத்து வர்ற துளைகூட வேண்டாம்," என்று முயலே தன் வாயால் சொன்னது.

வேலை தொடங்கியது. வீடு எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காக, மரமே இல்லாத ஒரு மேட்டைக் காகம் தேர்ந்தெடுத்தது. கைவிட்ட குவாரியிலிருந்து கருங்கல் பலகைகளைக் காட்டுப்பன்றிகள் முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. சுவருக்கும் கூரைக்கும் அதே கல். குப்பைமேட்டிலிருந்து காகங்கள் கொண்டுவந்த கண்ணாடித் துண்டுகளை மேற்குச் சுவரில் குளத்துக் களிமண் வைத்து ஒட்டினார்கள். கிழக்கே ஒரு சின்ன வாசல் மட்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கக் காகம் அடிக்கடி தலைவரைக் கூப்பிட்டது. கூப்பிட்டதெல்லாம் விடியலில். அதில் சூது ஒன்றும் இல்லை. விடியலில் எழுந்து எல்லாரையும் கூப்பிடுவதுதானே காகத்தின் பழக்கம்? கடமான் கல்லில் கன்னத்தை வைத்துப் பார்க்கும். "அடடா, என்ன குளிர்ச்சி," என்று சொல்லிவிட்டுப் போகும்.

வேலங்காட்டில் புது வீடு புகுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. தாமரை இலையில் பனித்துளிகளைச் சேர்த்து ஏந்திப் போய், வீட்டின் நடுவில் வைப்பார்கள். பனி விடியலில்தான் கிடைக்கும். அதனால் அந்தக் காட்டில் ஒரு புது வீட்டை யாரும் விடியலில் அல்லாமல் வேறு நேரத்தில் முதலில் பார்த்ததே இல்லை.

மாசி முடியும் நேரம். பகல் சுட ஆரம்பித்துவிட்டது, ஆனால் விடியலில் பனி குறையவில்லை. தலைவரே இலையை வாயில் கவ்விக்கொண்டு, கொம்பைச் சாய்த்து உள்ளே போய் வைத்தது. எல்லாரும் உள்ளே நுழைந்து பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தார்கள். மயில் மட்டும் வெளியே கண்ணாடிச் சுவரை விட்டு நகரவில்லை.

"சரி, குட்டிகளை விட்டுட்டு எல்லாரும் மேயக் கிளம்புங்க," என்றது காகம்.

முயல் பஞ்சுவை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தது. பஞ்சு ஒரு காலை உள்ளே வைத்தது. முயல் அதன் பிடரியைக் கவ்விப் பின்னால் இழுத்தது.

"என்ன முயலம்மா?"

"உச்சி வெயில்ல இதுக்குள்ள யாராவது உட்கார்ந்து பார்த்தீங்களா?"

காகம் சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள்.

"மத்தியானத்துல எவன் வீடு பார்க்க வருவான்?" என்றது மயில்.

"சருகு உருண்டாலே ஓடுற வம்சம் உங்க வம்சம்," என்றது காகம். "அன்னைக்கு ஓட்டை வேண்டாம்னு பயந்தீங்க. ஓட்டையே இல்லாம கட்டிக் கொடுத்தா இன்னைக்கு அதுக்கும் பயமா? உங்க பயத்துக்கெல்லாம் தனித்தனியா வீடு கட்ட முடியுமா?"

முயலின் காதுகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பஞ்சு காலடியில் நின்றிருந்ததால் ஓட முடியவில்லை.

"நான் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கறேன்," என்றது முயல். "இன்னைக்கு ஒரு நாள் குட்டிகளுக்குப் பதிலா நீங்க இருங்க. நானும் இருக்கேன். சூடு ஏறலைன்னா நாளைக்கு நானே முதல்ல பஞ்சுவைக் கொண்டுவந்து விடுறேன். அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

கடைசியாகப் பேசியது முயல். அதனால் தலைவருக்கு அதுவே சரியென்று பட்டது. "நியாயந்தானே? இருந்து பார்ப்போம்," என்றது.

அன்று ஒரு நாளைக்குக் குட்டிகளை முள்ளம்பன்றியின் வளையில் விட்டார்கள். இரவெல்லாம் அலைந்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தது அது. "என் தூக்கத்துல மண்ணள்ளிப் போட்டியே, முயலக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே இடம் விட்டது.

கல்வீட்டுக்குள் கடமான், மயில், காகம், முயல் நால்வரும் உட்கார்ந்தார்கள். முதலில் பேச்சு கலகலப்பாகத்தான் இருந்தது. ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது காகம். வெயில் ஏற ஏறக் கதை சுருங்கியது. கூரைக் கல் சூட்டைக் குடித்துவிட்டு, கீழே இருந்தவர்கள் தலையில் இறக்கியது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று புழுங்கியது.

"தோகை ஒட்டுது," என்றது மயில்.

"புது வீட்டுச் சூடு. பழகிடும்," என்றது காகம். சொன்ன பிறகு திறந்த அலகை அதனால் மூட முடியவில்லை.

உச்சிவேளை வந்தது. கடமானின் வாயில் நுரை தள்ளியது. முயல் நடுவிலிருந்த தாமரை இலையைப் பார்த்தது. விடியலில் அதில் உருண்டுகொண்டிருந்த துளிகளில் ஒன்றுகூட இல்லை. முயல் முன்காலால் தொட்டதும் இலை அப்பளம் போல நொறுங்கியது.

"தலைவரே, பஞ்சு இந்த இலையைவிடச் சின்னவன்," என்றது முயல்.

கடமான் எழுந்து வெளியே போய்விட்டது. மயிலும் பின்னாலேயே ஓடியது. காகம் மட்டும் அசையவில்லை. கண் பாதி மூடியிருந்தது.

"வெளியே வாங்க, காக்கையண்ணே."

"நான் கட்டின வீடு. நான் வர மாட்டேன்."

"நீங்க இங்கே வெந்துபோனா உங்க கூட்டில இருக்கிற குஞ்சுக்கு யார் இரை கொண்டு போவா?" முயல் அதன் சிறகைப் பற்களால் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டது.

மேட்டுக்குக் கீழே, குளத்தோர நிழலில் கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகுதான் காகத்துக்குக் குரல் வந்தது. "அந்த ஊர் வீட்டுக்குள்ள நான் போனதே இல்லை," என்றது. "எதிர்க் கம்பியில உட்கார்ந்து வெளியே மட்டும்தான் பார்த்திருக்கேன். பின்பக்கம் வரிசையா பெட்டிங்க இருக்கும். ராத்திரி பகலா இரைஞ்சுகிட்டு, சுடச்சுடக் காத்தைத் துப்பிக்கிட்டே இருக்கும். எதுக்குன்னு நான் யோசிக்கலை. உள்ளே இருக்கிற சூட்டைத்தான் அதுங்க வெளியே தள்ளுது போல."

"நம்மகிட்ட ஏது பெட்டி?" என்றது கடமான். தலை தொங்கிப் போயிருந்தது. "நான் எப்பவும் விடியல்லதான் வந்து கல்லைத் தொட்டுட்டுப் போனேன். கோடை வந்தாச்சு. இனி என்ன செய்ய முடியும்? அவங்கவங்க குட்டியை அவங்கவங்க பார்த்துக்க வேண்டியதுதான்."

முயல் முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது. பஞ்சு மற்ற குட்டிகளோடு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. முயல் வழக்கம்போல அதன் மூக்கருகே காதை வைத்தது. மூச்சு நிதானமாக வந்தது. அதன் காதைத் தொட்டது. உச்சி வெயிலில் பஞ்சுவின் காது ஜில்லென்று இருந்தது.

முயல் திரும்பி ஓடிவந்தது. "தலைவரே, இந்நேரத்துக்கு நீங்க வழக்கமா எங்கே இருப்பீங்க?"

"நானா? குளத்துக்கு வடகரையில. தென்றல் தண்ணியைத் தாண்டி வரும்போது குளுந்து வரும்."

"மயிலண்ணே, நீங்க?"

"அதே கரையில ஒரு பெரிய புங்கமரம் இருக்கே, அதுக்குக் கீழே. மேற்கு வெயில் ஒரு பொட்டு விழாது."

பக்கத்திலேயே வளை வாசலில் தலையை நீட்டியிருந்த முள்ளம்பன்றி, யாரும் கேட்காமலேயே சொன்னது. "நான் மண்ணுக்குள்ள. முன்னால ஒரு வாய், பின்னால மேடா ஒரு வாய். சூட்டுக் காத்து மேல போயிடும். தூங்க விட்டா நல்லாத் தூங்கலாம்."

"காக்கையண்ணே, நீங்க?"

காகம் வெட்கத்தோடு சொன்னது. "நானும் அந்தப் புங்கமரத்துலதான்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கே குளிரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீடு கட்டும்போது அதை ஒருவரும் நினைக்கவில்லை.

"கல்லை வீணாக்க வேண்டாம். பிரிச்சு வடகரைக்குக் கொண்டு போவோம்," என்றது காகம். முதலில் அலகால் கண்ணாடித் துண்டைக் கழற்றியதும் அதுதான்.

வடகரையில், புங்கமரத்துக்குக் கிழக்கே, முள்ளம்பன்றியின் உறவுக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பாதி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். கல் பலகைகளை நிறுத்திச் சுவராக்கினார்கள். கூரைக் கல்லின் மேல் மண் பரப்பி, புல் பதித்தார்கள். மழை வந்தால் தண்ணீர் குளத்துக்கே வழிந்து போகும்படி கூரையைச் சரித்தார்கள். குளத்தைப் பார்த்துத் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு திறப்பு.

திறப்பைப் பார்த்ததும் முயல் அதற்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. "பாம்பு?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முள்ளம்பன்றி உடம்பை உலுக்கியது. உதிர்ந்த முட்களைப் பொறுக்கி, திறப்புகளில் நெருக்கமாகக் கம்பி போல நட்டது. "காத்து வரும். பாம்பு வந்தா வயிறு கிழியும். போதுமா, முயலக்கா?"

"இன்னும் கொஞ்சம் நெருக்கமா வைக்கலாமா?" என்றது முயல்.

"வைக்கலாம்," என்று இன்னொரு தடவை உலுக்கியது முள்ளம்பன்றி.

கண்ணாடித் துண்டுகளும் வீணாகவில்லை. வடக்குத் திறப்புக்கு வெளியே, வெயில் நேராக விழாத இடத்தில், காகம் அவற்றைச் சாய்த்து வைத்தது. பள்ளத்து வீட்டுக்குள் வெளிச்சம் மட்டும் இறங்கியது. மயிலுக்கும் தோகை பார்க்க ஓர் இடம் கிடைத்தது.

பங்குனி பிறந்த ஒரு விடியலில், கிடைத்த கொஞ்சப் பனியைத் தாமரை இலையில் ஏந்திப் போய் உள்ளே வைத்தார்கள். யாரும் புகழவில்லை. எல்லாரும் புங்கமரத்தடியில் காத்திருந்தார்கள். நிழல் காலடிக்குள் சுருங்கியபோது, கடமான் முயலைப் பார்த்து, "நீயே போய்ப் பார்," என்றது.

முயல் உள்ளே போனது. குளத்துக் காற்று முட்களுக்கு நடுவே நுழைந்து வந்தது. இலை பச்சையாகவே இருந்தது. நடுவில் ஒரு துளி, பஞ்சுவின் கண் போல உருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

முயல் வெளியே வந்து பஞ்சுவைக் கவ்விக்கொண்டு போய் உள்ளே விட்டது. பஞ்சு செய்த முதல் வேலை, அந்தத் துளியை நக்கிக் குடித்ததுதான்.

சித்திரை வெயில் அந்த வருஷம் கொளுத்தியது. முயல் மேயப் போன இடத்திலிருந்து நடுவில் பலமுறை ஓடிவந்து எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் குட்டிகள் கால் நீட்டித் தூங்கின. ஆடிக் காற்று வீசியபோது மன்றத்தில் எல்லாக் குட்டிகளும் வந்து நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்று கடமான் ஒரு புது வழக்கத்தை அறிவித்தது. "இனி இந்தக் காட்டில பொது வீடு எதைக் கட்டினாலும் உச்சி வெயில்லதான் குடிபுகணும். சரின்னு சொல்றவங்க முதல்ல உள்ளே உட்காரணும்." அப்புறம் பின்வரிசையைப் பார்த்தது. "முயலம்மா, ஏதாவது பயம் இருந்தா இப்பவே சொல்லிடும்மா. கட்டறதுக்கு முன்னாலயே கேட்டுக்கறோம்."

முயல் காதை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசைக்கு வந்தது. "மழைக்காலம் வருது, தலைவரே," என்று ஆரம்பித்தது.

ஊருக்கு வீடு கட்டுகிறவர்கள், அது வெளியே எப்படி மின்னும் என்று பார்க்கும் முன், உச்சி வெயிலில் அதனுள்ளே ஒரு குழந்தை எப்படித் தூங்கும் என்று கேட்க வேண்டும்.