செம்பட்டையின் ஏழாம் பாட்டு

மொட்டைப்பாறைக் காட்டில் செம்பட்டை என்றொரு கிழட்டு நரி இருந்தது. ஒரு காலத்தில் அது பெரிய பாடகன். மாலையில் பாறை உச்சியில் ஏறித் தொண்டையைத் திறந்தால், மான்கள் மேய்ச்சலை விட்டு ஓடிவரும். குரங்குகள் கிளைகளைப் பிடித்துக் குலுக்கும். நரி பாடுகிறதா, இடி இடிக்கிறதா என்று பன்றிகள் பேசிக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அதற்குக் குரல் கட்டியது. பிறகு சரியாகத் திறக்கவே இல்லை. செம்பட்டை பாறைக்குப் போவதை நிறுத்தி, நான்கு வருடங்களாகப் புதருக்குள்ளேயே கிடந்தது. ஓடைக்குப் போய் ஒரு நண்டு பிடித்து வருவதற்குள் மூச்சு வாங்கியது. மூட்டெல்லாம் வலி.

ஒரு நாள் அண்டங்காக்கை ஒன்று அதைத் தேடி வந்தது. பாட்டுக் கேட்கக் கூட்டம் சேரும் இடத்தில் தின்பதற்கு ஏதாவது சிந்தும். அதைப் பொறுக்கியே உடம்பு வளர்த்த காக்கை அது.

"அண்ணே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சின்ன நரிகள் எல்லாம் பாட வந்துவிட்டன. இங்கே உங்கள் பெயரைச் சொன்னால், யார் அது என்று கேட்கிறார்கள்" என்றது.

செம்பட்டைக்குச் சுருக்கென்றது. உடம்பு வேண்டாம் என்றது, மனசு கேட்கவில்லை.

காக்கை தன் யோசனையைச் சொன்னது. நரி பத்துப் புதுப் பாட்டுகள் பாடவேண்டும். காக்கைக்குத் தெரிந்த மைனா ஒன்று அவற்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பாடும். நரி ஓர் அடிகூட நடக்க வேண்டாம். ஆனால் குரல் மட்டும் பழைய குரலாக இருக்கவேண்டும்.

மறுநாளே பாட்டுத் தொடங்கியது. மைனா ஒரு கிளையில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டது. செம்பட்டை எக்கி எக்கிப் பாடியது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இருமியது. ஏழாம் பாட்டில், உச்சிக்குப் போகிற இடத்தில், குரல் இரண்டாகப் பிளந்தது. நரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"முடியவில்லையப்பா. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்" என்று முனகியது.

எப்படியோ மீதி மூன்றும் முடிந்தன. இருமலையும் முனகலையும் விட்டுவிட்டுப் பாடு என்று காக்கை மைனாவிடம் சொன்னது.

"கேட்டதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். எது பாட்டு, எது பாட்டில்லை என்று பிரிக்கத் தெரியாது" என்றது மைனா.

இலுப்பைப் பூ உதிரும் காலம், அதைத் தின்ன விலங்குகள் வரும். கூட்டம் சேர்ந்தால் காக்கைக்கு நல்ல வேட்டை. காக்கைக்குப் பொறுமை இல்லை. மைனாவை அப்படியே அனுப்பிவிட்டது.

முதல் நாள் குளத்தங்கரையில் குட்டிக் குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. பாட்டைவிட்டு இருமலை மட்டும் செய்து காட்டின. கூட்டம் கலைந்தது. காக்கை நேராகச் செம்பட்டையிடம் வந்து, உன்னால் என் மானம் போயிற்று என்று கத்திவிட்டுப் பறந்தது. அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

செம்பட்டை முகத்தை முன்கால்களில் புதைத்துக்கொண்டது. மூன்று நாள் எதுவும் தின்னவில்லை. இந்த வயதில் எதற்கு ஆசைப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டது. மைனா மட்டும், யாரும் நிறுத்தச் சொல்லாததால், காடு முழுக்கப் பாடிக்கொண்டே போனது.

நான்காம் நாள் காலையில் ஒரு வயதான காட்டெருமை மெல்ல மெல்ல நடந்து வந்து புதருக்கு வெளியே படுத்தது.

"ஏழாம் பாட்டைப் பாடியது நீங்கள்தானே?" என்று கேட்டது.

சிரிக்க வந்திருக்கிறது என்று நினைத்து நரி புதருக்குள் இன்னும் உள்ளே நகர்ந்தது.

"இரண்டு வருடமாக மந்தையோடு சமமாக நடக்கிற மாதிரி நடித்தேன். நின்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். நேற்று அந்த மைனா, முடியவில்லையப்பா என்றது. நான் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்."

"பிறகு?" என்றது செம்பட்டை.

"மந்தை நின்றது. என்னோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் இத்தனை நாள் வலித்திருக்கிறது."

காட்டெருமை ஒரு பாட்டுப் பாடச் சொன்னது. பழைய குரல் இல்லை என்றது நரி.

"இருக்கிற குரலில் பாடுங்கள். எனக்கு அவசரம் இல்லை."

செம்பட்டை எழுந்து நிற்கவில்லை. படுத்தபடியே, எக்காமல், தணிந்த குரலில் பாடியது. பாதியில் மூச்சு வாங்கியது. காட்டெருமை காத்திருந்தது. மூச்சு வந்ததும் நரி விட்ட இடத்திலிருந்து மீதியைப் பாடியது.

போன பலத்தை இருப்பதாகக் காட்டுவதைவிட, இருக்கிற தளர்ச்சியை ஒளிக்காமல் சொல்வதே நமக்கும் ஆறுதல், நம்மைப் போல் களைத்தவர்களுக்கும் துணை.